சுவருக்குள் இறுகிப்போன ஷவர் கார்ட்ரிட்ஜ்: டைல்ஸை உடைக்காமல் நாமே மாற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டு ஷவரின் கைப்பிடி ஒரே நாளில் இறுகிப்போகவில்லை. ஒரு விரலால் தூக்கிக்கொண்டிருந்தது மெல்ல இரண்டு விரல் கேட்டது, பிறகு முழுக் கையும் கேட்டது. ஊரிலிருந்து வந்திருந்த மாமனார் குளிக்கப் போனவர், ஈரத் துண்டோடு வெளியே வந்து, "மாப்ள, அது குழாயா, செக்கா?" என்று கேட்டார். அன்று மாலையே பிளம்பர் வந்து பார்த்தார். "உள்ள பாடியே உப்பு புடிச்சிருச்சு சார். டைல்ஸை உடைச்சாத்தான் எடுக்க முடியும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்பது வருடத்துக்கு முன் ஒட்டிய டைல்ஸ். அதே நிறம், அதே டிசைன் இன்று எந்தக் கடையிலும் கிடைக்காது. அதனால்தான் நானே கையில் ஸ்பேனரை எடுத்தேன். முதல் குளியலறையில் கார்ட்ரிட்ஜை, அதாவது குழாய்க்குள் தண்ணீரைத் திறந்து மூடும் உருளையை, உடைத்தேன். பாதி கையோடு வந்தது, பாதி உள்ளேயே உட்கார்ந்துகொண்டது. இரண்டாவது குளியலறையில் முழுசாக, ஒரு கீறல் இல்லாமல் எடுத்தேன். இரண்டிலும் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வேலை முழுக்க ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கார்ட்ரிட்ஜ் உடைந்தால் போவது கார்ட்ரிட்ஜின் விலை மட்டும், எப்படியும் அதைத் தூக்கிப் போடத்தான் போகிறோம். சுவருக்குள் இருக்கும் பித்தளை பாடி நெளிந்தாலோ, அதன் பின்னால் இருக்கும் பைப் இணைப்பு விட்டுப்போனாலோ, டைல்ஸ், சிமென்ட், கொத்தனார் என்று நீளும். ஒவ்வொரு முறை பலம் கொடுக்கும்போதும் 'இந்தப் பலம் எங்கே போகிறது, கார்ட்ரிட்ஜுக்கா, பாடிக்கா?' என்று ஒரு நொடி யோசித்தால் போதும்.

உள்ளே என்ன இருக்கிறது

இங்கே சொல்வது, ஒரே கைப்பிடியைத் தூக்கினால் தண்ணீர் வரும், இடது வலது திருப்பினால் வெந்நீரும் பச்சைத்தண்ணீரும் கலக்கும் வகை. கடையில் 'சிங்கிள் லீவர் டைவர்ட்டர்' என்பார்கள். சுவருக்குள் புதைந்திருப்பது பித்தளை பாடி. அதன் வாயில் டப்பா போல உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக் உருளைதான் கார்ட்ரிட்ஜ். பெரும்பாலும் 35 அல்லது 40 மில்லிமீட்டர் விட்டம்.

அந்த டப்பாவுக்குள் வழவழப்பான இரண்டு செராமிக் தட்டுகள். கீழ்த்தட்டு அசையாது; அதில் வெந்நீர் வர ஒன்று, பச்சைத்தண்ணீர் வர ஒன்று, கலந்து வெளியே போக ஒன்று என மூன்று துளைகள். மேல்தட்டு கைப்பிடியோடு சேர்ந்து நகர்ந்து, அந்தத் துளைகளைத் திறந்து மூடும். டப்பாவின் அடியில் ரப்பர் சீல்கள். பக்கத்தில் இரண்டு குட்டி முளைகள். அவை பாடியில் உள்ள இரண்டு குழிகளில் உட்காரும். மேலே ஒரு பித்தளை நட்டு எல்லாவற்றையும் அழுத்திப் பிடிக்கும். வெளியே நாம் பார்க்கும் குரோம் மூடி, வட்டத்தட்டு, கைப்பிடி எல்லாம் அலங்காரத்துக்குத்தான்.

இதில் தனித்தனியாக இரண்டு இடத்தில் இறுகும். செராமிக் தட்டுகளுக்கு நடுவில் இருந்த கிரீஸ் போய் உப்பு ஏறினால் கைப்பிடி திரும்பாது. டப்பாவுக்கும் பித்தளைக்கும் நடுவில் உப்பு ஏறினால் கார்ட்ரிட்ஜ் வெளியே வராது. முதலாவதற்காகத்தான் கழற்றப் போகிறோம். இரண்டாவதுதான் கழற்ற விடாமல் செய்கிறது.

குளிர், சூடு என்று இரண்டு தனித்தனி திருகு உள்ள பழைய வால் மிக்சர் என்றால் கதை வேறு. அதில் இருப்பது ஸ்பிண்டில். மரை போட்டுத் திருகியிருக்கும், ஸ்பேனரால் திருப்பினால் வந்துவிடும். அமெரிக்காவில் இருக்கும் தம்பி வீட்டில் இன்னொரு வகை: நீளமான கார்ட்ரிட்ஜைச் செருகி, ஒரு கிளிப்பால் நிறுத்தியிருக்கிறார்கள். இறுகிவிட்டால் அதைத் திருகி இழுத்தெடுக்கத் தனிக் கருவியே அங்கே விற்கிறது. அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு நம் ஊர் வகையைத் திருகாதீர்கள். முளைகள் குழிக்குள் இருப்பதால் இது திரும்பாது, உடையும். முதல் தடவை நான் செய்த தவறே அதுதான்.

எதிரி உப்பு, துரு அல்ல

நம்மில் பாதிப் பேர் இறுகிய எதையும் பார்த்தவுடன் எண்ணெய் தேடுவோம். டபிள்யூ.டி-40 ஒரு முழு டப்பாவை அடித்தும் அசையவில்லை என்று புலம்புபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அசையாது. போர் தண்ணீர் விட்டுச்செல்லும் வெள்ளைப் படிவு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு. எண்ணெய் அதைக் கரைக்காது. புளிப்புதான் கரைக்கும்.

குடிநீருக்கான இந்தியத் தர அளவு (ஐ.எஸ். 10500) கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கிறது, வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளச் சொல்கிறது. போர் தண்ணீரை மட்டுமே நம்பியிருக்கும் அடுக்குமாடிகளில் பக்கெட்டின் உள்விளிம்பைப் பார்த்தாலே நம் தண்ணீர் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். வெந்நீர் பக்கம் இன்னும் மோசம். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடுபட்டால் உடைந்து சுண்ணாம்பாகப் படியும். கீசர் காயிலில் படிவதும் கார்ட்ரிட்ஜின் இடது பக்கம் படிவதும் ஒரே சரக்குதான்.

ஆகவே மளிகைக் கடையில் 100 கிராம் எலுமிச்சை உப்பு வாங்கிக்கொள்ளுங்கள். சிட்ரிக் ஆசிட் என்றாலும் கொடுப்பார்கள். ஒரு டம்ளர் சூடான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி போட்டுக் கலக்கினால் போதும். வினிகரும் வேலை செய்யும், கொஞ்சம் மெதுவாக. கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட் வேண்டவே வேண்டாம். அது உப்பை நொடியில் தின்னும், கூடவே குரோம் பூச்சையும் பித்தளையையும் தின்னும். அதிலும் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய குளியலறையில் அந்த ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். அடைத்த சின்ன அறையில் அது உயிருக்கே ஆபத்து.

கழற்றும் முன்: கோளாறு கார்ட்ரிட்ஜில்தானா?

ஷவரை மூடிய பிறகு ஒன்றிரண்டு நிமிடம் சொட்டுவது கோளாறு அல்ல. தலையிலும் வளைவுக் குழாயிலும் நிற்கும் தண்ணீர் இறங்குகிறது. பத்து நிமிடம் கழித்தும் சொட்டினால் கார்ட்ரிட்ஜ் தேய்ந்திருக்கிறது. அடியில் ஒரு அளவு மக்கை வைத்துப் பாருங்கள். பத்து நிமிடத்துக்கு 100 மில்லி சேர்ந்தால் ஒரு நாளைக்கு 14 லிட்டருக்கு மேல், கிட்டத்தட்ட ஒரு குடம்.

பச்சைத்தண்ணீர் நன்றாக வந்து வெந்நீர் மட்டும் மெலிந்து வந்தால் உடனே கார்ட்ரிட்ஜைக் குறைசொல்லாதீர்கள். கீசரின் இன்லெட் வால்வ் அடைத்திருக்கலாம். கீழ்க்குழாய்க்கும் ஷவருக்கும் மாற்றும் பட்டன் மட்டும் அமுங்கவில்லை என்றால் அது தனிப் பாகம். கார்ட்ரிட்ஜைத் தொடவே வேண்டாம். கைப்பிடி இறுக்கம், நிற்காத சொட்டு, கலவை சரியாக வராதது, இந்த மூன்றும்தான் கார்ட்ரிட்ஜின் அடையாளம்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

ஒரு ஆலன் கீ செட் (2.5, 3 மி.மீ. கட்டாயம்), திருப்புளி, நோஸ் பிளேயர், நட்டுக்கேற்ற ரிங் அல்லது பாக்ஸ் ஸ்பேனர். அது கிடைக்காவிட்டால் வாய் தேயாத நல்ல ஸ்க்ரூ ஸ்பேனர். பைப் ரிஞ்சை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அதன் பல் பட்ட பித்தளை நட்டு பிறகு எந்த ஸ்பேனருக்கும் அடங்காது. எலுமிச்சை உப்புக் கரைசல், பஞ்சு, பழைய டூத் பிரஷ், பல்குச்சி, குழந்தைக்கு மருந்து புகட்டும் ஊசியில்லாத சிரிஞ்சு, செல்போன் டார்ச். சிலிக்கான் கிரீஸ் ஒரு சின்ன டியூப். பஞ்சர் கடையில் கேட்டால் ஒரு முழம் பழைய சைக்கிள் டியூப் சும்மாவே கொடுப்பார்கள். அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

நாள் பார்ப்பதும் முக்கியம். பஞ்சாங்க நாள் அல்ல, கடை திறந்திருக்கும் நாள். பழைய கார்ட்ரிட்ஜைக் கையில் எடுத்துக்கொண்டு போனால்தான் சரியான புதியது கிடைக்கும். ஞாயிறு மத்தியானம் கழற்றி வைத்துவிட்டு ஹார்டுவேர் கடை ஷட்டரைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். சனிக்கிழமை காலை, எல்லோரும் குளித்து முடித்த பிறகு ஆரம்பியுங்கள்.

தண்ணீரை நிறுத்துவது

முதலில் கீசரின் ஸ்விட்சை மட்டுமல்ல, அதற்கு வரும் மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்.சி.பி.யையும் இறக்குங்கள். காலையில் சூடாக்கிய தண்ணீர் உள்ளே இருக்கும். வெந்நீர் பக்கம் திறந்துவிட்டு அது ஆறிய தண்ணீராக வரும்வரை ஓடவிடுங்கள். பிறகு கீசரின் இன்லெட் வால்வை மூடுங்கள். கீழிருந்து பச்சைத்தண்ணீர் தள்ளினால்தான் மேலே வெந்நீர் வெளியேறும். தள்ளுவதை நிறுத்தினால் அந்தப் பக்கம் நின்றுவிடும்.

பச்சைத்தண்ணீருக்குக் குளியலறைச் சுவரிலேயே ஸ்டாப் காக் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. இல்லையென்றால் மொட்டை மாடிக்குப் போக வேண்டும். அங்கே குளியலறை வரிசைக்கு ஒன்றாகக் குழாய்கள் இறங்கும். உங்கள் வரிசையின் கேட் வால்வை மூடினால் அதே வரிசையில் உள்ள மற்ற வீடுகளுக்கும் நின்றுவிடும். வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டுவிடுங்கள். தலையில் ஷாம்பு நுரையோடு நிற்கும் மூன்றாம் மாடி மாமியின் சாபம் நமக்கு வேண்டாம்.

பழைய கேட் வால்வ் முழுதாக மூடாது. அடியில் மண் சேர்ந்திருக்கும். இரண்டு மூன்று தடவை திறந்து மூடினால் மண் கரைந்து போய் ஓரளவு உட்காரும். முரட்டுத்தனமாகத் திருகி அதன் ஸ்பிண்டிலை முறித்துவிடாதீர்கள், அப்புறம் மொத்தக் கட்டடத்துக்கும் வேலை வைத்துவிடுவீர்கள். மூடிய பிறகு குளியலறையின் தாழ்ந்த குழாயைத் திறந்து வையுங்கள். ஐந்து நிமிடத்தில் அது வற்ற வேண்டும். நூல் போல வந்துகொண்டே இருந்தால் பரவாயில்லை. பட்டையாக வந்தால் வேலையைத் தொடங்காதீர்கள்.

அடுத்து தரையில் உள்ள ஜாலியின் மேல் ஒரு துணியைப் போடுங்கள். இந்த வேலையில் கழலும் ஸ்க்ரூ எல்லாம் பருப்பளவுதான், எல்லாம் நேராக ஜாலிக்குத்தான் போகும்.

கைப்பிடியும் மூடியும்

கைப்பிடியின் அடியிலோ முன்னாலோ சிவப்பு, நீலப் புள்ளி போட்ட சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும். ஊக்கு நுனியால் நெம்பினால் வந்துவிடும். உள்ளே ஆலன் ஸ்க்ரூ. கீயை நுழைப்பதற்கு முன் அந்தப் பள்ளத்தைப் பல்குச்சியால் சுத்தம் செய்யுங்கள். பாதி நுழைந்த கீதான் ஸ்க்ரூவின் மூலையை மழுங்கடிக்கும். இந்த ஸ்க்ரூ இரும்பு, துருப் பிடிக்கும். எண்ணெய்க்கு இங்கேதான் வேலை. ஒரு சொட்டு டபிள்யூ.டி-40 விட்டு இருபது நிமிடம் காத்திருங்கள். மழுங்கிவிட்டால் சற்றே பெரிய நட்சத்திர முனை பிட்டை மெல்லத் தட்டி நுழைத்துத் திருப்பலாம்.

ஸ்க்ரூ வந்தும் கைப்பிடி வராமல் அடம்பிடிக்கும். திருப்புளியை இடுக்கில் விட்டு நெம்பாதீர்கள். எலுமிச்சை உப்புக் கரைசலில் நனைத்த பஞ்சை இடுக்கைச் சுற்றி வைத்து, மேலே பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டு, கால் மணி நேரம் விடுங்கள். பிறகு இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே உங்கள் பக்கம் இழுங்கள்.

கைப்பிடிக்குப் பின்னால் வழவழப்பான குரோம் மூடி. பிடிக்க முனையே இருக்காது. சைக்கிள் டியூப் இதற்குத்தான். இரண்டு சுற்று இறுக்கமாகச் சுற்றி, அதன் மேல் கையால் பிடித்துத் திருகினால் குரோமில் ஒரு கீறல் விழாமல் கழன்று வரும். சிலவற்றில் மரை இருக்காது, நேராக இழுத்தால் வந்துவிடும். கால் சுற்று திருகிப் பார்த்தால் எது என்று புரிந்துவிடும். ஒவ்வொன்று கழலும்போதும் ஒரு போட்டோ எடுத்து, பாகங்களைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு துண்டில் அடுக்குங்கள்.

நட்டு: பொறுமை தேவைப்படும் இடம்

இப்போது பித்தளை நட்டு கண்ணில் படும், அல்லது நட்டு வடிவில் ஒரு வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டி. மேலே சொன்ன அதே பஞ்சு வைத்தியம், ஆனால் இந்த முறை ஒரு மணி நேரம். பஞ்சு காய்ந்தால் சிரிஞ்சால் மேலும் கரைசல் விடுங்கள். நுரைத்தால் சந்தோஷம், உப்பு கரைகிறது என்று அர்த்தம். நுரை அடங்கிய பிறகு டூத் பிரஷால் தேய்த்துக் கழுவிவிட்டு இன்னொரு முறை. சுற்றியுள்ள வட்டத்தட்டைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள்; ராத்திரி முழுக்கப் புளிப்பில் ஊறினால் குரோம் மங்கும். கடப்பாக் கல், மார்பிள் தரை என்றால் கரைசல் சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மார்பிளும் சுண்ணாம்பு வகைதான், அதையும் இது தின்னும்.

ஸ்பேனரை முழுதாக உட்காரவைத்து, கழற்றுவதற்கு முன் மயிரிழை அளவு இறுக்குகிற பக்கம் தள்ளிப் பாருங்கள். கேட்க வினோதமாக இருக்கும். ஆனால் உப்பின் பிடி எந்தப் பக்கம் விட்டாலும் விட்டதுதான். 'டிக்' என்று சின்னச் சத்தம் வரும். பிறகு இடஞ்சுழியாகத் திருப்புங்கள். ஒரே இழுப்பாக இழுக்காமல், ஸ்பேனரின் கைப்பிடியை உள்ளங்கையால் சின்னச் சின்னத் தட்டாகத் தட்டுங்கள்.

இந்த இடத்தில்தான் சுவருக்குள் இருக்கும் பாடியைக் காப்பாற்ற வேண்டும். பாடியின் பின்னால் இருப்பது பெரும்பாலும் சி.பி.வி.சி. பைப், பித்தளை மரையில் திருகி, பசை போட்டு ஒட்டிய இணைப்புகள். நட்டோடு சேர்ந்து பாடியும் திரும்பினால் அந்த இணைப்பு முறுக்கேறி விரியும், ஆறு மாதம் கழித்து அடுத்த அறைச் சுவரில் ஈரம் தெரியும். பாடியின் வெளிவிளிம்பில் பிடிக்க இடமிருந்தால் இடது கையால் இன்னொரு ஸ்பேனர் போட்டு எதிர்ப்பக்கம் பிடியுங்கள். இடமில்லையென்றால் பாடிக்கும் டைலுக்கும் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோடு விலகினால் அந்த நொடியே நிறுத்திவிட்டு மறுபடி பஞ்சை வையுங்கள்.

சூடு காட்டலாமா என்று கேட்பீர்கள். முடி உலர்த்தும் டிரையரை ஐந்து நிமிடம் காட்டலாம், பலன் உண்டு. தீ வேண்டாம். பித்தளை சூட்டை அப்படியே பின்னால் கடத்தும், அங்கே இருப்பது பிளாஸ்டிக் பைப்.

கார்ட்ரிட்ஜை இழுப்பது

நட்டு வந்துவிட்டது. நடுவில் நிற்கும் தண்டை மட்டும் பிடித்து இழுக்காதீர்கள். டப்பாவின் மேல்பாதி கீழ்ப்பாதியில் வெறும் கிளிப்பாக மாட்டியிருக்கிறது. தண்டை இழுத்தால் மேல்பாதிதான் வரும். சிரிஞ்சால் விளிம்பைச் சுற்றிக் கரைசலைச் செலுத்துங்கள். தண்டை மேலும் கீழும் அசைத்தால் கரைசல் உள்ளே இறங்கும். அரை மணி நேரம் கழித்து நோஸ் பிளேயரால் விளிம்பில் இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை என்று மாறி மாறி வெளியே அசையுங்கள்.

அதற்கும் மசியவில்லையா? தண்ணீரையே வேலைக்காரனாக்கலாம். நட்டைத் திரும்ப மாட்டி, மூன்று நான்கு மரை மட்டும் பிடித்திருக்கும்படி தளர்வாக விடுங்கள். தண்டை மூடிய நிலையில் வையுங்கள். மேலே ஒரு கனத்த துண்டைப் போர்த்தி, முகத்தை விலக்கிக்கொண்டு, மாடியில் நிற்பவரிடம் வால்வைக் கொஞ்சமாகத் திறக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் மகன் மாடியில் நின்றான். "அப்பா, திறக்கட்டா? அப்பா, மூடட்டா?" என்று போனில் கத்திக்கொண்டே இருந்தான்.

பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தும். 40 மி.மீ. கார்ட்ரிட்ஜின் பரப்பு சுமார் 12.5 சதுர சென்டிமீட்டர். அடியில் தண்ணீர் முழுதாகப் பரவிவிட்டால், முதல் மாடி வீட்டில் ஒரு குடம் தண்ணீரின் கனம் பின்னாலிருந்து தள்ளும், அதுவும் கோணலாக இல்லாமல் நேராக. தளர்வான நட்டு அது தெறித்து விழாமல் தடுக்கும். தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் மேல்மாடி வீடென்றால் உயரம் போதாது, இந்த வித்தை எடுபடாது. கீசர் அணைந்து தண்ணீர் ஆறியிருந்தால் மட்டுமே இதைச் செய்யுங்கள்.

உடைந்து பாதி உள்ளேயே நின்றால்

பதற வேண்டாம். என் முதல் கார்ட்ரிட்ஜ் இப்படித்தான் போனது. செராமிக் தட்டுகளை ஈர விரலால் ஒட்டி எடுத்துவிடலாம். சில்லுகளாக இருந்தால் நோஸ் பிளேயரால் எடுங்கள், விளிம்பு கண்ணாடி போலக் கிழிக்கும். மிச்சமிருப்பது மூன்று துளை கொண்ட பிளாஸ்டிக் அடித்தட்டு.

சற்றுத் தடிமனான, குட்டையான மர ஸ்க்ரூ ஒன்றை அந்தத் துளைகளில் ஒன்றில் கையால் திருகி ஏற்றுங்கள். பிளாஸ்டிக்கைக் கவ்வினால் போதும். ஆழமாகப் போய்ப் பின்னால் இருக்கும் பித்தளையைத் தொடக் கூடாது. எதிர்ப்பக்கத் துளையிலும் ஒன்று. இப்போது பிளேயரால் பிடித்து இழுக்க இரண்டு கொம்பு கிடைத்துவிட்டது. மாறி மாறி இழுங்கள். எனக்கு இரண்டு முறை பிளாஸ்டிக் பிய்ந்தது, மூன்றாவது முறை 'பொக்' என்று வந்தது. அப்போதும் வராவிட்டால் சால்டரிங் அயர்ன் முனையால் அடித்தட்டை நடுவில் உருக்கிக் கோடு போட்டு, இரண்டாக மடித்து எடுக்கலாம். நாற்றம் தாங்காது, ஜன்னலைத் திறந்து வையுங்கள். தரையும் கையும் உலர்ந்திருக்கட்டும், மின்சாரத்தோடு குளியலறையில் நிற்கிறோம்.

உளியும் சுத்தியலும் இந்த வேலையில் எங்குமே கிடையாது. பக்கச்சுவரில் கீறல் விழுந்தால் பிழைத்துக்கொள்ளலாம். அடியில் ரப்பர் சீல் உட்காரும் தளத்தில் ஒரு கீறல் விழுந்தால், எத்தனை புதுக் கார்ட்ரிட்ஜ் போட்டாலும் சொட்டும்.

உட்காரும் இடத்தைச் சுத்தம் செய்வது

எல்லோரும் அவசரப்படும் இடம் இது. டார்ச் அடித்துப் பாருங்கள், அடித்தளத்தில் வெள்ளைத் திட்டுகள் இருக்கும். கரைசலில் நனைத்த துணியை அழுத்தி வைத்து ஊறவிட்டு, ஐஸ்கிரீம் குச்சியால் சுரண்டுங்கள்; கத்தி, திருப்புளி ஆகாது. முளைகள் உட்காரும் இரண்டு குழிகளையும் பல்குச்சியால் அடிவரை நோண்டுங்கள். அந்தக் குழியில் அரிசியளவு உப்பு மிச்சமிருந்தாலும் புதிய கார்ட்ரிட்ஜ் சாய்ந்து உட்காரும். கடைசியாக வாயருகே பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு, மேல் வால்வைச் சில நொடி திறந்து மூடச் சொல்லுங்கள். குழாய்க்குள் உதிர்ந்திருக்கும் தூளெல்லாம் வெளியே வந்துவிடும்.

புதியதை வாங்குவது

பழையதைக் கழுவி, கவரில் போட்டுக் கடைக்கு எடுத்துப் போங்கள். விட்டம், உயரம், முளைகளின் இடம், தண்டின் கனம், அடியில் உள்ள துளைகளின் அமைப்பு, ஐந்தும் பொருந்த வேண்டும். "எல்லாம் ஒண்ணுதான் சார், போட்டுப் பாருங்க" என்று கடைக்காரர் சொன்னால் இரண்டையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் உயரம் குறைந்தாலும் நட்டு அழுத்தாது. உங்கள் டைவர்ட்டர் கம்பெனியின் ஒரிஜினல் கிடைத்தால் அதையே வாங்குங்கள், சில நூறு ரூபாய் கூடினாலும் சரி. பாரிமுனைப் பக்கம் மொத்தக் கடைகளில் பொதுவான கார்ட்ரிட்ஜ்கள் மலிவாகக் கிடைக்கும். நான் ஒன்று போட்டுப் பார்த்தேன், ஒரு வருடம் தாங்கவில்லை.

மாட்டுவது

ரப்பர் சீல்களில் சிலிக்கான் கிரீஸை விரலால் மெல்லிசாகத் தடவுங்கள். வேறு எதுவும் வேண்டாம். வாசலின் சில வகை ரப்பரை ஊதவைத்துவிடும். எதற்கெடுத்தாலும் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் நமக்கு உண்டு. அது நாள்பட்டால் பிசினாகும், மார்கழிக் குளிரில் உறையவும் செய்யும்.

முளைகள் குழிக்குள் இறங்குவது கைக்குத் தெரியும். இறங்கிய பிறகு நான்கு பக்கமும் அழுத்திப் பாருங்கள், கொஞ்சமும் ஆடக் கூடாது. நட்டைக் கையாலேயே இறுதிவரை திருகி, பிறகு ஸ்பேனரால் கால் சுற்று. டெஃப்ளான் டேப் சுற்றாதீர்கள். இங்கே தண்ணீரை நிறுத்துவது மரை அல்ல, அடியிலுள்ள ரப்பர்.

மூடிகளை மாட்டாமல், ஷவர் தலையையும் கழற்றி வைத்துவிட்டு, தண்டைத் திறந்த நிலையில் நிறுத்தி மேல் வால்வை மெதுவாகத் திறக்கச் சொல்லுங்கள். காற்றும் தூளும் புஸ்ஸென்று போகும். பிறகு தண்டை மூடி, நட்டைச் சுற்றி டிஷ்யூ பேப்பரை வைத்துப் பத்து நிமிடம் காத்திருங்கள். ஈரமானால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள், ஒரு நேரத்தில் மயிரிழையளவுதான். நட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் புதிய கார்ட்ரிட்ஜும் முதல் நாளே செக்கு போலத்தான் திரும்பும். சொட்டு நிற்கிற, கைப்பிடி இலகுவாகத் திரும்புகிற அந்த ஒரு இடம் பிடிபடும்வரை விடாதீர்கள்.

அடுத்து கீசர் இன்லெட்டைத் திறந்து, கைப்பிடியை வெந்நீர் பக்கம் திருப்பி, தண்ணீர் விட்டுவிட்டு வராமல் சீராக வருகிறதா என்று பாருங்கள். அதன் பிறகுதான் எம்.சி.பி. கீசருக்குள் தண்ணீர் இல்லாமல் அதைப் போட்டால் காயில் எரிந்துவிடும், இந்த வேலை இன்னொரு வேலையில் போய் முடியும்.

மறுபடி இறுகாமல் இருக்க

பங்குனியில் வெந்நீரை நிறுத்தினால் பிறகு ஐப்பசி மழைக்குத்தான் அந்தப் பக்கம் திருப்புகிறோம். ஏழெட்டு மாதம் அசையாமல் கிடந்த இடத்தில் உப்பு ஏறாமல் என்ன செய்யும்? எங்கள் வீட்டில் இரண்டு குளியலறையிலும் இறுகியது இடது பக்கம்தான். இப்போது வாரம் ஒரு முறை, குளியலறை கழுவும் நாளில், கைப்பிடியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நாலைந்து தரம் ஓட்டிவிடுகிறோம். கீசரின் சூட்டையும் 55 டிகிரிக்கு மேல் வைப்பதில்லை.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. எல்லாவற்றையும் மாட்டும் முன், குரோம் மூடியின் உட்பக்கத்தில் மார்க்கரால் '40 மி.மீ.' என்றும், மாற்றிய மாதமும் வருடமும் எழுதி வைத்தேன். அப்போதே வாங்கிய இரண்டாவது கார்ட்ரிட்ஜ், ஆலன் கீ, மிச்ச கிரீஸ் எல்லாம் ஒரு கவரில் கீசருக்கு மேலுள்ள பரணில் இருக்கின்றன. சைக்கிள் டியூபை மாமனார் ஊருக்கு எடுத்துப் போய்விட்டார். அங்கே ஊறுகாய் பாட்டில் மூடி திறக்கவில்லையாம்.